அடைபட்ட குழாயும் சந்து வழியும்

எங்கள் வகுப்பில் கொலாட்டரல் என்றால் வங்கிக் கடனுக்கு வைக்கும் பிணை. போன வருஷம் தாத்தா காலையில் எழுந்தபோது வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் குழறியது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "கொலாட்டரல்ஸ் நல்லா இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததுதான் இது.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் அந்தப் பகுதி முழுவதும் உடனே செத்துவிடாது. பக்கத்துக் குழாய்களின் சின்னக் கிளைகள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் சுற்றி வந்து சேரும். மெயின் ரோட்டை அடைத்தால் சந்து வழியாகப் போவோமே, அது மாதிரி. அந்தச் சந்துகள்தான் கொலாட்டரல்.

1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மூளையின் அடியில் குழாய்கள் வளையமாக இணைந்திருப்பதை விளக்கினார். புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்! கழுத்துக் குழாய் ஒன்று முழுக்க அடைபட்டும் பக்கவாதம் வராமல் வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் வில்லிஸ் அதில் எழுதியிருக்கிறார். 1874-ல் ஜெர்மனியின் ஹாய்ப்னர், மூளையின் மேற்பரப்பிலும் இணைப்புகள் இருப்பதைக் காட்டினார்.

ஆனால் இதெல்லாம் பிணங்களில் பார்த்தது. உயிருள்ள மனிதருக்கு எப்படிப் பார்ப்பது? சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், கழுத்துக் குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க முயன்றார். ஆரம்பத்தில் ஒரு நோயாளி இறந்தே போனார். மருந்தை மாற்றி, 1927 ஜூன் மாதம் வெற்றி பெற்றார். அதுதான் மூளை ஆஞ்சியோகிராம்.

அடுத்தது 1971. கிராமபோன் ரெக்கார்டு விற்ற இஎம்ஐ கம்பெனியின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சிடி ஸ்கேனில் முதல் நோயாளியின் மூளை படமானது. ரத்தக் கசிவா, அடைப்பா என்று பிரித்தறிய முடிந்தது. 1995-ல், 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கட்டியைக் கரைக்கும் மருந்து பலன் தரும் என்று ஓர் ஆய்வு நிரூபித்தது. அதிலிருந்து கடிகாரம்தான் எஜமான்.

இங்கேதான் சிக்கல். தாத்தா மாதிரி தூக்கத்தில் வந்தால் எந்த நேரத்திலிருந்து கணக்கு? கடைசியாக நன்றாக இருந்த இரவு 10 மணியிலிருந்துதான். அப்படிப் பார்த்தால் காலையில் எல்லாம் முடிந்த கதை. ஆனால் ஒரே குழாய் ஒரே நேரத்தில் அடைபட்ட இருவரில், சந்து வழி நன்றாக உள்ளவருக்குப் பல மணி நேரம் கழித்தும் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சம் இருக்கும்.

அதைப் படத்தில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை பிறகு வலுத்தது. 2015-ல் வெளியான எஸ்கேப் ஆய்வு, சிடி ஆஞ்சியோவில் கொலாட்டரல் பார்த்தே நோயாளிகளைச் சேர்த்தது. 2018-ல் அச்சான டான் ஆய்வில், 6 முதல் 24 மணி நேரம் கழித்து வந்தவர்களை, செத்த பகுதி சிறியதா என்று ஸ்கேனில் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கட்டியை வெளியே எடுத்தார்கள். 90 நாளில் சொந்தக் காலில் நின்றவர்கள் 49 சதவீதம். எடுக்காதவர்களில் 13 சதவீதம்தான். 2023-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, கொலாட்டரல் ரத்தம் கொஞ்சமாவது தெரிந்தாலே தாமதமாக வந்தவர்களுக்கும் பலன் உண்டு என்று காட்டியது.

தாத்தாவுக்கும் கட்டியை எடுத்தார்கள். இப்போது கைத்தடியோடு டீக்கடை வரை போய் வருகிறார்.

அதற்காக 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் சந்து எவ்வளவு அகலம் என்று ஸ்கேன் எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ கூப்பிடுங்கள். பிணை இருந்தாலும் தவணை தள்ளினால் சொத்து போய்விடும். இது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது.