மூணு நாள்னு சொல்லி காலி செஞ்ச நகரம்

கம்போடியான்னு சொன்னதும் நமக்கு அங்கோர் வாட்தான் ஞாபகம் வரும். நான் இன்னைக்குப் பேசப் போறது அதோட தலைநகரம் புனோம் பென் பத்தி. அங்கே என் மனசுல நின்ன மூணு இடங்கள்.

முதல்ல சென்ட்ரல் மார்க்கெட். பிரெஞ்சுக்காரங்க ஆட்சியில, 1937ல் திறந்தது. மஞ்சள் கட்டடம், நடுவுல பிரம்மாண்டமான குவிமாடம். காலையில அங்கே ஒரு அம்மா கடையில குய்தியோ சாப்பிட்டேன். அரிசி நூடுல்ஸ் போட்ட சூடான சூப். மீதிச் சில்லறையா ரியெல் நோட்டு கொடுத்தாங்க. அந்த நோட்டுக்கு ஒரு கதை இருக்கு.

1975 ஏப்ரல் 17. கெமர் ரூஜ் படை நகருக்குள்ள நுழையுது. "அமெரிக்கா குண்டு போடப் போகுது, ரெண்டு மூணு நாள்தான், கிளம்புங்க" என்று மக்களை விரட்டுறாங்க. போர் அகதிகளையும் சேர்த்து சுமார் 20 லட்சம் பேர். ஆஸ்பத்திரி நோயாளிகளைக்கூட விடலை. சில நாள்ல நகரமே காலி. பணத்தையே ஒழிச்சாங்க, மத்திய வங்கிக் கட்டடத்தை வெடி வெச்சுத் தகர்த்தாங்க. 1979 ஜனவரி 7ல் வியட்நாம் படை நகரைப் பிடிச்ச பிறகுதான் ஜனங்க மெல்லத் திரும்பினாங்க. கையில பணம் இல்லாததால அரிசியைக் கொடுத்துப் பொருள் வாங்கினாங்க. ரியெல் திரும்ப வந்தது 1980ல்.

ரெண்டாவது, டுவோல் ஸ்லெங். பிடிச்ச இடம்னு சொல்ல முடியாது. ஆனா பார்க்காம வரக் கூடாது. ஒரு உயர்நிலைப் பள்ளியை கெமர் ரூஜ் சித்திரவதைச் சிறையா மாத்தினாங்க. வகுப்பறைக்குள்ளயே செங்கல் வெச்சு குட்டிக் குட்டி அறைகள். ஆயிரக்கணக்கானவங்களை அங்கே அடைச்சாங்க. உயிரோட மீண்டவங்க ரொம்பச் சொற்பம். சிறையை நடத்தின டொய்க், அதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார். 2010ல்தான் நீதிமன்றம் அவரைத் தண்டிச்சது. சுவர் முழுக்கக் கைதிகளோட போட்டோ. என் வயசுப் பசங்க முகம் நிறைய இருந்துச்சு. ரொம்ப நேரம் நிக்க முடியல.

வெளியே வந்து நேரா ஆத்தங்கரைக்குப் போனேன். அதுதான் மூணாவது. டோன்லே சாப் ஆறு மழைக்காலத்துல திசை மாறி ஓடும். மேகாங்ல வெள்ளம் ஏறினா தண்ணி பின்னாடி ஏரிக்குப் போகும். மழை ஓய்ஞ்சதும் திரும்பி வரும். அந்தச் சமயத்துல படகுப் போட்டியோட திருவிழாவே நடத்துறாங்க. நான் போன சாயங்காலம் கரையில குழந்தைங்க விளையாடிட்டு இருந்தாங்க, பெரியவங்க பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செஞ்சுட்டு இருந்தாங்க.

அப்போதான் காலையில பார்த்த சூப் கடை அம்மா நினைவுக்கு வந்தாங்க. வயசு அறுபதுக்கு மேல இருக்கும். அப்படின்னா 1975ல் அவங்க சின்னப் பொண்ணு. மறுநாளும் அதே கடைக்குப் போனேன். "அப்போ எங்கம்மா இருந்தீங்க?"ன்னு கேட்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கல. அந்த ஊர்ல அந்த வயசுல யாரைப் பார்த்தாலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். அதைச் சொல்றதா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்.

நீங்க போனா மார்க்கெட்ல சூப் சாப்பிடுங்க. சில்லறை வாங்கும்போது அந்த நோட்டை ஒரு நிமிஷம் பாருங்க.