லாடி குவாலியின் நீர்க்குடம்

வெயிற் காலத்தில் மண்குடத்து நீர் குளிர்ந்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். குடத்தின் நுண்ணிய துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளேயுள்ள நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கின்றது. இவ்வியல்பை இழந்த பின்னரே உலகப் புகழ் எய்திய ஒரு நீர்க்குடத்தின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரியா நாட்டில், குவாலி என்னும் ஊரில், 1925ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் லாடி குவாலி. அவர் பிறந்த குவாரி இனத்தவரிடையே மட்கலம் வனைதல் பெண்களுக்குரிய தொழிலாகும். இளமையிலேயே தம் உறவினரான மூத்த பெண்ணொருவரிடம் அவர் அதனைக் கற்றார். அத்தொழிலிற் சக்கரம் இல்லை. மண்ணைத் திரிகளாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். குடம் அசையாது நிற்க, வனைபவரே அதனைச் சுற்றி நடப்பார். மண் காயுமுன், பல்லி, தேள், முதலை ஆகியவற்றின் உருவங்களை அதன்மேற் செதுக்குவர். பின்னர் திறந்த வெளியில், விறகும் புல்லும் மூட்டிச் சுடுவர்.

1950ஆம் ஆண்டில், அபூஜா அமீரின் மாளிகையில் இவருடைய குடங்களை மைக்கேல் கார்டியூ என்னும் ஆங்கிலேயர் கண்டு வியந்தார். அவர், ஜப்பானிற் கலம் வனையக் கற்ற பேர்ணாட் லீச்சின் மாணவர். இன்று சுலேஜா எனப்படும் அவ்வூரிலே கார்டியூ நிறுவிய பயிற்சி நிலையத்தில், 1954ஆம் ஆண்டு லாடி குவாலி சேர்ந்தார். அங்கு பயின்ற முதற் பெண் அவரே.

ஆங்கு அவர் சக்கரத்தையும் பழகினார். எனினும், பெருங்குடங்களைப் பழைய முறையிலேயே கையால் வனைந்தார். செதுக்கிய கோடுகளில் வெண்களிமண் குழம்பை நிரப்பி, கண்ணாடி போன்ற மெருகிட்டு, ஏறக்குறைய 1300 பாகை செல்சியஸ் வெப்பமுடைய சூளையிற் சுட்டனர். குடம் கல்லென இறுகியது, துளைகள் அடைபட்டன. ஆகவே, நீரைக் குளிர்விக்கும் ஆற்றலும் அகன்றது. வீட்டு முற்றத்துக் குடம் கண்காட்சிப் பொருளாயிற்று. 1958ஆம் ஆண்டில் இலண்டன் மக்கள் அதனைக் கண்டு போற்றினர்.

இக்குடத்தை ஆக்கியவர் யார் என்னும் வினா இங்கு எழுகின்றது. கார்டியூவின் பயிற்சியால் விளைந்ததெனக் கூறுவாரும் உளர். ஆனால், அவர் அளித்தவை சூளையும் மெருகுமே. வடிவமும் கோடும் கைத்திறனும் அவர் வருமுன்னரே அங்கிருந்தன. ஏட்டிற் பெயர் ஏறாத குவாலிப் பெண்கள் வழிவழியாக அளித்த செல்வம் அவை. அமீரின் மாளிகையிற் கார்டியூவை வியக்க வைத்ததும் மெருகற்ற அப்பழைய குடமேயன்றோ?

1977ஆம் ஆண்டில் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் லாடி குவாலிக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1984ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 20 நைரா நாணயத்தாளில், அவர் குடம் வனையும் காட்சி பொறிக்கப்பட்டது.