ராம் டிஸ்க்: கொடுத்த நினைவகத்தைத் திரும்பப் பெறும் உரிமை

நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டுபோல் நடத்தும் ராம் டிஸ்க்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் வேகத்தையே அளக்கிறார்கள். ஆனால் அதன் தரத்தை முடிவுசெய்வது வேறொன்று: ஒருமுறை கொடுத்த நினைவகத்தை இயங்குதளத்தால் திரும்ப வாங்க முடிகிறதா?

1984இல் வெளிவந்த பிசி டாஸ் 3.0 உடன் விடிஸ்க் என்ற இயக்கி வந்தது. கணினி தொடங்கும்போதே குறிப்பிட்ட அளவு நினைவகத்தை அது தனக்கென எடுத்துக்கொள்ளும். வட்டில் ஒரு கோப்புகூட இல்லாவிட்டாலும், மறுபடி தொடங்கும்வரை அந்த இடம் வேறு எந்த நிரலுக்கும் கிடைக்காது. மறு ஆண்டு வந்த அமிகா கணினியின் ராம் வட்டோ கோப்பு சேரச் சேர வளர்ந்தது, அழித்தால் சுருங்கியது. சரியான வழி அப்போதே தெரிந்திருந்தது.

லினக்ஸின் பழைய ராம் டிஸ்க் இன்னொரு சிக்கலையும் கொண்டிருந்தது. அது உண்மையான வட்டுபோலவே நடித்ததால், அதன்மேல் இஎக்ஸ்டி2 போன்ற கோப்பு முறைமை ஒன்றை அமைக்க வேண்டும். ஒரு கோப்பைப் படித்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதன் நகலை, வட்டிலிருந்து படித்தவற்றை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷிலும் வைக்கும். ஒரே தரவு, அதே நினைவகத்தில் இரண்டு முறை! ராம்எஃப்எஸ் இந்த நடிப்பைக் கைவிட்டது. கோப்பின் பக்கங்கள் பேஜ் கேஷிலேயே வாழ்கின்றன. அவற்றை எழுதிவைக்க வட்டு இல்லாததால் கெர்னல் அவற்றைக் கழித்துவிடுவதில்லை. எளிமையான வடிவம்தான், ஆனால் உச்சவரம்பு கிடையாது. எழுதிக்கொண்டே போனால் நினைவகம் முழுதும் தீர்ந்துவிடும்.

டெம்ப்எஃப்எஸ் அதற்கு இரண்டு திருத்தங்கள் செய்தது. அளவுக்கு வரம்பு வந்தது. சொல்லாவிட்டால் மொத்த நினைவகத்தில் பாதி. நெருக்கடி வந்தால் பக்கங்களை வட்டிலுள்ள ஸ்வாப் இடத்துக்கு அனுப்பலாம் என்பது இரண்டாவது, அதுவே முக்கியமானது. திரும்பப் பெறும் உரிமை நினைவக மேலாண்மையின் கைக்கு இதனால்தான் வந்தது. ஸ்வாப் இல்லாத கணினியில் இந்த உரிமை பெயரளவுக்குத்தான்.

கணக்கு வைப்பதில்தான் குறை இன்னும் தீரவில்லை. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில், டெம்ப்எஃப்எஸ் அடைவொன்றில் 2 ஜிபி கோப்பை எழுதிவிட்டு ‘ஃப்ரீ’ கட்டளையை இயக்கிப் பார்க்கலாம். ‘பஃப்/கேஷ்’ பத்தி ஏறக்குறைய 2 ஜிபி உயர்ந்திருக்கும். கேஷ்தானே, வேண்டும்போது கழிந்துவிடும் என்று பார்ப்பவர் நினைப்பார். கேஷைக் காலிசெய்யச் சொன்னாலும் அந்த 2 ஜிபி அசையாது. உண்மையைச் சொல்வது ‘அவெய்லபிள்’ பத்தி; கெர்னல் 3.14 முதல் கெர்னலே தரும் இந்த மதிப்பீடு டெம்ப்எஃப்எஸ் பக்கங்களைக் கிடைக்கக்கூடிய இடமாகக் காட்டுவதில்லை.

நினைவகம் முற்றிலும் வற்றும்போது இதன் விளைவு கடுமையாகிறது. அப்போது இடம் மீட்கக் கெர்னல் ஏவும் ஓஓஎம் கில்லர் நிரல்களைக் கொல்லுமே தவிர கோப்புகளை அழிக்காது. கோப்பை எழுதிய நிரல் எப்போதோ முடிந்து போயிருக்கும். தொடர்பே இல்லாத ஒரு தரவுத்தளம் பலியாகலாம்; இடத்தை அடைத்த கோப்பு அப்படியே இருக்கும். நிரல்களைக் குழுக்களாக்கிக் கணக்கு வைக்கும் சிகுரூப் இதை ஓரளவு சரிசெய்கிறது, பக்கத்தை முதலில் தொட்ட குழுவின் கணக்கில் அதைச் சேர்ப்பதன் மூலம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் நினைவக வட்டில் எழுதியவை கன்டெய்னரின் நினைவக வரம்புக்குள் அடங்குவது இதனால்தான்.

2025 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் வெளியீடான டெபியன் 13, இயல்பாகவே ‘டெம்ப்’ அடைவை டெம்ப்எஃப்எஸ்ஸிலேயே வைக்கிறது. இனி இது வல்லுநர்கள் மட்டும் கவலைப்படும் விஷயமாக இராது. கணினிகளைப் பராமரிப்பவர்கள் பாதி நினைவகம் என்ற இயல்பு வரம்பை அப்படியே விட்டுவிடாமல் தம் தேவைக்கேற்பக் குறைக்க வேண்டும், பெரிய தற்காலிகக் கோப்புகளை வட்டிலுள்ள ‘வார்’ அடைவின் ‘டெம்ப்’புக்கு அனுப்ப வேண்டும், ‘மெம்இன்ஃபோ’வில் டெம்ப்எஃப்எஸ் பக்கங்களையும் எண்ணும் ‘எஸ்எச்மெம்’ வரியைக் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.