நாலாயிரம் சொல்லுக்குள் ஓர் இயக்குதளம்

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் (டெக்) 1965-இல் வெளியிட்ட பிடிபி-8 மினிகணினியின் விலை 18,000 டாலர். பெருங்கணினிகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, நினைவகமும் அப்படியே. அடிப்படை மாதிரியில் இருந்தவை 12 பிட் கொண்ட 4,096 சொற்கள் (நினைவக அலகுகள்) மட்டுமே. இயக்குதளம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் பயனரின் நிரலுக்குக் கிடைக்காமல் போகும் என்பதால், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே வடிவமைப்பாளர்களின் பெரிய கேள்வியாக இருந்தது.

இதற்குச் சிறந்த சான்று யுனிக்ஸ் இயக்குதளம். மல்டிக்ஸ் என்ற பெரிய கூட்டுத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகியது. அங்கே பணியாற்றிய கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த டெக்கின் பிடிபி-7 கணினி ஒன்றைக் கையில் எடுத்து, அதில் யுனிக்ஸை உருவாக்கினார். அந்தக் கணினியில் இருந்தவை 18 பிட் கொண்ட 8,192 சொற்கள். பாதி இயக்குதளத்துக்கு, பாதி நிரலுக்கு. தொடக்கத்தில் நிரல்களை வேறொரு பெருங்கணினியில் உருவாக்கி, காகித நாடாவில் துளையிட்டு எடுத்துவர வேண்டியிருந்தது. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளர் பிடிபி-7-இலேயே ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கணினி தன் காலில் நின்றது.

நெருக்கடி எப்படி வடிவமைப்பாக மாறியது என்பதை, ஓடும் நிரலை இரண்டாக்கும் ‘ஃபோர்க்’ அழைப்பில் தெளிவாகப் பார்க்கலாம். நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் இடம். மற்றவை வட்டில் காத்திருக்கும். ஆகவே நிரலை வட்டில் எழுதி மீட்கும் வழி முன்பே இருந்தது. ஓடும் நிரலின் நகலை அதே வழியில் வட்டில் எழுதி, அட்டவணையைச் சற்றுத் திருத்தியதும் ஒரு நிரல் இரண்டாகிவிட்டது. இதற்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்பிளி. புதிய நிரலை ஏற்றும் வேலை இதில் சேராமல் தனியே நின்றது. இந்தப் பிரிவினை எளிமைக்காக வந்ததுதான். ஆனால் நகலெடுப்பதற்கும் ஏற்றுவதற்கும் இடையில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் வேறு கோப்புக்குத் திருப்பிவிட அதுவே வசதியாயிற்று. யுனிக்ஸின் மிக அழகான பண்புகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது.

1970-இல் பெல் ஆய்வகத்துக்கு டெக்கின் பிடிபி-11 வந்தது. உரை தயாரிக்கும் கருவி என்ற பெயரில்தான் அதை வாங்க அனுமதி கிடைத்தது. அந்த வாக்கும் காப்பாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே ஆய்வகத்தின் காப்புரிமைத் துறையினர் அதில் ஆவணங்களைத் தட்டச்சு செய்தனர். நினைவகம் 24 கிலோபைட்: 16 இயக்குதளத்துக்கு, 8 பயனருக்கு. ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் கைவைப்பதைத் தடுக்கும் வன்பொருள் அதில் இல்லை. சோதனை நிரல் ஒன்று தவறினாலும் எல்லோருடைய வேலையும் நின்றுபோகும்.

டெக் நிறுவனத்துக்குள்ளும் இதே கண்டிப்பு இருந்தது. டேவிட் கட்லர் முன்னின்று உருவாக்கிய ஆர்எஸ்எக்ஸ்-11எம் இயக்குதளம், 32 கிலோபைட்டில் ஓட வேண்டும் என்பதையே இலக்காகக் கொண்டது.

1973-இல் யுனிக்ஸின் கரு சி மொழியில் திருப்பி எழுதப்பட்டபோது அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. பல நிரல்களை ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்கும் திறனும் கூடவே வந்ததால், தாம்சனும் அவருடன் பணியாற்றிய டெனிஸ் ரிட்சியும் அந்தக் கூடுதலை ஏற்றுக்கொண்டனர். அப்போது அவர்களிடம் இருந்த பிடிபி-11/45-இன் நினைவகம் 144 கிலோபைட். யுனிக்ஸ் எடுத்துக்கொண்டது 42.