கஞ்சித்தொட்டி சோறும் குக்கர் சாதமும்: ஒரே பாத்திரச் சமையல் பற்றிச் சில குறிப்புகள்

போன மாசம் அக்கா பையன் ஆன்லைனில் ஒரு பாத்திரம் வாங்கினான். கனமான வார்ப்பிரும்பு. மேலே பச்சை எனாமல், இரண்டு பக்கமும் காது, அழுத்தமாக உட்காரும் மூடி. தூக்கிப் பார்த்தேன், ஐந்து கிலோவுக்குக் குறையாது. "இதுக்குப் பேரு டச்சு ஓவன் மாமா. அரிசி, காய், கறி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு மூடி வச்சுட்டா போதும்" என்றான். அம்மா மூடியைத் திறந்தார், உள்ளே விரலால் தட்டிப் பார்த்தார். "இதுல செஞ்சா கஞ்சித்தொட்டி சோறுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்ல?" என்று கேட்டார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எண்பதுகளில் நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். அப்பாவுக்கு ஷிஃப்ட் வேலை. அம்மா எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருவார். காலையில் ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். அதனால் வாரத்தில் மூன்று நாளாவது அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், புளித்தண்ணி, சாம்பார் பொடி எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு நாலு விசில் விட்டுவிடுவார். அப்பாவைப் பெற்ற ஆயா திருவள்ளூர் பக்கத்து கிராமம். அவருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. "சோறு தனியா, குழம்பு தனியா வைக்கத் தெரியாதா? இது என்ன கஞ்சித்தொட்டி சோறா?" என்பார். அம்மா பதில் பேச மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு வடித்து, குழம்பு, ரசம், பொரியல் என்று தனித்தனியாகச் செய்வார்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

பெயரில் மட்டும் டச்சு

முதலில் அந்தப் பாத்திரத்தை முடித்துவிடுவோம். டச்சு ஓவன் டச்சுக்காரர்களின் சமையல் பாத்திரம் என்று நினைத்தால் தப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏப்ரஹாம் டார்பி என்பவர், டச்சு வார்ப்புப் பட்டறைகளில் மணல் அச்சில் பித்தளை வார்க்கும் முறையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மலிவான இரும்பில் வார்க்க முயன்றார். 1707ல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்ப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். பெயர்க் காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். அதற்கு நூறு வருஷம் முன்பே டச்சுக்காரர்கள் நம் பழவேற்காட்டுக்கு வந்து 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் வாங்க வந்தது துணி. இந்தப் பானைக்கும் அவர்களுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

பாத்திரத்தின் வேலை என்னவென்று பார்த்தால் நமக்குப் பழக்கமானதுதான். அடி கனமாக இருந்தால் சூடு ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். மூடி அழுத்தமாக இருந்தால் ஆவி வெளியே போகாமல் திரும்ப உள்ளேயே சொட்டும். அமெரிக்காவில் முகாம் போகிறவர்கள் பயன்படுத்தும் டச்சு ஓவனுக்கு மூன்று கால் உண்டு. மூடியின் ஓரம் விளிம்பு கட்டியிருக்கும், மேலே கங்கு போடுவதற்காக. பூந்தமல்லி பக்கம் எந்தக் கல்யாண வீட்டிலும் பிரியாணி மாஸ்டர் செய்வதும் அதேதான். அரிசி முக்கால் பதம் வெந்ததும் தேக்சாவை மூடி, கீழே விறகை இழுத்துவிட்டு, கங்கை அள்ளி மூடி மேல் போட்டு தம் கட்டுவார். ஆக, தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. கேள்வி வேறு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைப்பது ஏன் ஒரு இடத்தில் விருந்தாகவும், இன்னொரு இடத்தில் அவமானமாகவும் இருந்தது?

கூழும் நோன்புக் கஞ்சியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரே பாத்திரச் சமையலுக்குப் பெரிய மரபு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருந்தது.

ஆடி மாசம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் தொடங்கி தெருமுனை அம்மன் வரை கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, அரிசி நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவார்கள். ஒரு அண்டா கூழ், ஒரு தெருவே குடிக்கும். ரம்ஜான் மாசம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், சில இடங்களில் கொத்துக்கறி எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும். சாயங்காலம் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். 2001 முதல் இந்தக் கஞ்சிக்குத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. பெருமாள் கோயில் பொங்கலும் புளியோதரையும் இதே வகைதான், ஒரே பாத்திரத்திலிருந்து ஊருக்கே பங்கு.

ஆயா இது எதையும் குறை சொன்னதில்லை. கூழுக்கு முதல் ஆளாகச் சொம்போடு போவார். படைத்துவிட்டுக் கொடுக்கிற சோறு என்பதால் அதற்கு மரியாதை இருந்தது.

கஞ்சித்தொட்டி

மரியாதை இல்லாத இன்னொரு அண்டாவும் இருந்தது. 1780ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. கிராமங்கள் எரிந்தன, விளைச்சல் போனது, ஜனங்கள் மெட்ராஸை நோக்கி ஓடிவந்தார்கள். 1782ல் கறுப்பர் நகரத்துக்கு வடக்கே, இப்போதைய ராயபுரம் பக்கம், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி'. ஜனங்கள் வைத்த பெயர் கஞ்சித்தொட்டி. 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி டாக்டர் அங்கே நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை இடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. நான் சின்னப் பையனாக இருந்தபோதுகூட பெரியவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த பெரிய அடி 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு இது போதாது என்று மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். வேலை செய்யவே தெம்பில்லாதவர்களுக்கு முகாம்களில் கஞ்சி. என்ன கிடைத்ததோ அதை ஒரே கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்து, வரிசையில் நிற்பவருக்கு அளந்து ஊற்றுவது.

ஆயா இந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர் இல்லை. அவருடைய பாட்டி பார்த்திருக்கலாம். ஆனால் வார்த்தை குடும்பத்தில் தங்கிவிட்டது. சோறு தனியாகவும் குழம்பு தனியாகவும் இருப்பது அவருக்கு ருசி விஷயம் மட்டுமில்லை. நம்ம வீட்டில் அடுப்பு எரிகிறது, நாம் யாரிடமும் கையேந்தவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

சங்கு ஊதியபோது

இந்த வட்டாரம் மாறியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1955ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1959ல் அம்பத்தூரில் டன்லப் டயர். 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிப் பாசன கிராமங்கள் ஒரே தலைமுறையில் ஷிஃப்ட் ஊர்களாயின. வயல் வேலைக்குப் பொழுது விடிய வேண்டும். மிஷினுக்கு அது தேவையில்லை. சங்கு ஊதினால் உள்ளே இருக்க வேண்டும்.

டன்லப் வந்த அதே 1959ல்தான் பிரஷர் குக்கரும் இந்தியாவில் தயாராகத் தொடங்கியது. பம்பாயில் ஹாக்கின்ஸ். மெட்ராஸ் டிடிகே குழுமத்தின் பிரெஸ்டிஜ். மூலத் தத்துவம் பழசு. பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் 1679லேயே இறுக மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்து எலும்பை மெத்தென்று வேகவைத்துக் காட்டினார். ஆவி வெளியேற முடியாவிட்டால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சுமார் 120 வரை போகும். துவரம்பருப்பு திறந்த பானையில் முக்கால் மணி நேரம் எடுப்பது, அதில் கால் மணி நேரத்துக்குள் மசியும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் நிற்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் குக்கர் வந்தவுடன் எல்லாரும் ஒன்றாகப் போட்டு வேகவைத்துவிடவில்லை. இதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குக்கருக்குள் அடுக்கு வைத்தார்கள். கீழ்த்தட்டில் பருப்பு, நடுவில் அரிசி, மேலே காய். அதற்கு முன்பே அந்த வழக்கம் உண்டு. 1910ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் உருவாக்கிய இக்மிக் குக்கரும், நம் ஊரில் புழங்கிய பித்தளை ருக்மணி குக்கரும் கரி அடுப்பு மேல் அடுக்குப் பாத்திரம்தான். அடுப்பு ஒன்று, பாத்திரமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று. உள்ளே ஒன்றோடு ஒன்று கலக்காது. ஆயாவின் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டே நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

அந்த அடுக்கை எடுத்துப் போட்டது, என் அனுபவத்தில், வேலைக்குப் போன பெண்கள். ஆண்கள் மட்டும் ஷிஃப்டுக்குப் போனவரை வீட்டில் குழம்பு வைக்க ஆள் இருந்தது. எழுபது எண்பதுகளில் தையல் கம்பெனிகளும் சின்னச் சின்ன பட்டறைகளும் பெண்களையும் எடுக்க ஆரம்பித்தபோது, சங்கு அம்மாவுக்கும் சேர்த்து ஊதியது. வீட்டு வேலை மட்டும் குறையவில்லை. அடுக்கிய பாத்திரங்களைக் கழுவும் நேரம்கூட இல்லாத காலையில்தான் அரிசியும் பருப்பும் காயும் ஒன்றாக விழுந்தன. அம்மா அதைப் புது ரெசிபி என்று நினைத்துச் செய்யவில்லை. குற்ற உணர்ச்சியோடுதான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு பாத்திரச் சமையல் அதற்குப் பிராயச்சித்தம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு என்ன ஆச்சு

அந்த வார்த்தையின் விஷம் மெல்ல இறங்கியதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1920ல் தியாகராயச் செட்டியார் தலைமையில் மெட்ராஸ் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956ல் காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவியது, 1982ல் எம்ஜிஆர் சத்துணவாக விரிந்தது. முதலில் அதையும் சிலர் கஞ்சித்தொட்டி என்றுதான் கேலி பேசினார்கள். எங்கள் வகுப்பில் தட்டு கொண்டுவரும் பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பார்கள். ஆனால் இரண்டு தலைமுறை அதைச் சாப்பிட்டு வளர்ந்து வேலைக்குப் போன பிறகு கேலிக்கு ஆள் குறைந்துவிட்டது. 2022ல் தொடங்கிய காலை உணவில் உப்புமா, கிச்சடி, பொங்கல். எல்லாம் ஒரே பாத்திரம்தான். பிள்ளைகள் அதை ஒரு மாதிரியும் நினைப்பதில்லை.

பையன் வாங்கிய பாத்திரத்தில் போன ஞாயிற்றுக்கிழமை அம்மா சாம்பார் சாதம் வைத்தார். அரிசி ஒரு பங்கு, பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. சிறு தீயில் ஒரு மணி நேரம் ஆனது. "குக்கர்ல இருபது நிமிஷம்" என்று இடையில் இரண்டு முறை சொன்னார். ருசி நன்றாகவே இருந்தது. பையன் போட்டோ எடுத்துப் போட்டான், நிறைய பேர் செய்முறை கேட்டார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்கு ஒருத்தர்கூட கேக்கலையே" என்றார், சிரித்துக்கொண்டேதான்.

உங்கள் வீட்டுக்கு முதல் குக்கர் எந்த வருஷம் வந்தது, அதில் அடுக்கு வைத்தார்களா, எப்போது அடுக்கை எடுத்தார்கள் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் எனக்கும் எழுதினால் சேர்த்து வைத்துக்கொள்வேன்.