பாலாற்றங்கரைத் தோல் வணிகமும் இன்றைய இணையக் கடையும்



சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் மதரஸாவில் முன்பு ஓதிய இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். வெம்பாக்கத்துக்காரர். அவருடைய அத்தா பட்டுச் சேலை வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். மகனோ ராணிப்பேட்டைப் பக்கம் சில ஆண்டுகள் தோல் வேலை கற்று, இப்போது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பர்ஸ், பெல்ட், கைப்பை ஆகியவற்றைக் கையாலேயே தைத்து வருகிறார். பட்டு வாங்க ஆரணிக்கும் காஞ்சிக்கும் ஆட்கள் வருவார்கள். தோல் பை வாங்க வெம்பாக்கத்துக்கு யார் வருவார்? எனவே இணையத்தில் ஒரு கடை திறக்க எண்ணி, அதற்கான பக்கங்களைத் தயாரித்துத் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டினார்.

"ஹஜ்ரத், வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்கமாட்டார். நானும் அவருடைய முகத்தைப் பார்க்கமாட்டேன். இந்த வியாபாரம் கூடுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. ஆனால் அந்தப் பக்கங்களில் நான் கண்டவை மூன்று. முகப்பில் இருந்த அழகிய பையின் படம் அவர் செய்த பையினுடையது அன்று, வேறெங்கிருந்தோ எடுத்தது. எல்லாப் பொருளின் கீழும் "சுத்தமான இயற்கைத் தோல்" என்ற ஒரே வாசகம் இருந்தது. இன்னும் தைக்கவே தொடங்காத பொருட்களுக்கும் "கையிருப்பில் உள்ளது" என்று எழுதியிருந்தார். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், ஹஜ்ரத்" என்றார். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவருக்கு நம் முன்னோர்களின் வரலாற்றைச் சொன்னேன். அதையே இங்கு விரித்து எழுதுகிறேன்.

காணாத பொருளைக் காணாத மனிதருக்கு விற்பது இணையம் வந்த பின் தோன்றிய புதுமை அன்று. நம் வட்டாரத்துத் தோல் வணிகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான் நடந்தது. 1989ஆம் ஆண்டு வரை நம் வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி ஆகிய ஊர்கள் அனைத்தும் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தின் ஒரு புறம் பட்டுத் தறிகளின் ஓசை. மறுபுறம், பாலாற்றை ஒட்டி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகள். 'டேனரி' என்றே நம் மக்கள் அவற்றை அழைப்பார்கள். அவற்றின் உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். இவ்விரு தரப்பாரையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

அங்கு உருவான தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர். பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு முடி நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்கில் போட்டுவைப்பார்கள். இறுதியில் கடுக்காய்ச் சாறு. நம் ஊர் வரப்புகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். இவ்வாறு பாதி பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலங்களில் விலைபோனது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்கு இத்தோல் பெருமளவில் சென்றது.

லண்டனில் விலை கேட்டவர் ஆம்பூரைக் கண்டவரல்லர். ஆம்பூரில் பதனிட்டவரும் அவர் முகத்தைக் கண்டவரல்லர். இருவருக்கும் இடையே பாலமாக நின்றது தரம் பிரித்தல் என்ற வேலை. தரம் பிரிப்பவர் ஒவ்வொரு தோலையும் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு, உண்ணி கடித்த புள்ளி, மாட்டுக்கு இட்ட சூட்டுக்குறி என ஒவ்வொன்றையும் கணக்கில் எடுத்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்து அடுக்குவார். பழுதுள்ள தோலும் விலைபோகும். பழுதுள்ளது என்று சொல்லப்பட்டு, அதற்குரிய விலைக்குப் போகும். மூன்றாம் தரத்தை முதல் தரக் கட்டில் மறைத்து அனுப்பினால், ஒருமுறை அதிகப் பணம் கிடைக்கலாம். அடுத்த கப்பலில் அந்த ஆலையின் பெயரைக் கண்டதும் வாங்குபவர் ஒதுங்கிவிடுவார். கடல் கடந்த வாணிபத்தில் பெயரே மூலதனமாக இருந்தது.

அந்த மூலதனத்தின் பரக்கத்தை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தோல் வணிகத்தில் சிறந்து விளங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்களின் பெயரால் மேல்விஷாரத்தில் 1965 முதல் ஒரு கல்லூரி இயங்கி வருகிறது. இவற்றின் பின்னே அந்த ஊர்களின் தோல் வணிகர்கள் அளித்த கொடை இருக்கிறது.

ஆயினும் பெருமையை மட்டும் எழுதினால் அதுவும் மூன்றாம் தரத்தை மறைத்துக் கட்டிய கட்டாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கு இயங்கிய குரோம் தோல் ஆலையால்தான். ஆவாரம்பட்டை பல நாட்களில் செய்த வேலையைக் குரோமியம் மிக விரைவில் செய்து முடித்தது. 1973ஆம் ஆண்டு முதல், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் செய்து அனுப்ப ஊக்கமளித்தது. வேலைவாய்ப்பு பெருகியது, இரசாயனப் பயன்பாடும் பெருகியது. கழிவு நீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்குப் போயிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பாலாற்றைக் கடந்துதான் நாம் காஞ்சிபுரத்துக்குச் செல்கிறோம். அதன் மேற்குப் பகுதியில் நம் சமுதாயத்தார் பொருளீட்டிய அதே தொழில், பிறருடைய கிணற்று நீரைக் கெடுத்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பர்களில் பேசுகிற நாம் இதையும் பேசத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் அக்காலத்தில் இழந்தோம். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் காலணிகளில் பெரும்பகுதி, வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர் பொறிக்கப்பட்டே கடைகளுக்குச் செல்கிறது. தைத்தவரின் பெயர் அதில் இராது. ஒரு காலத்தில் லண்டன் வரை பேசப்பட்ட ஆலையின் பெயர் மறைந்து, கையின் திறமை மட்டும் எஞ்சியது. சொந்தப் பெயரில் ஓர் இணையக் கடை திறப்பது, இழந்த அந்தப் பெயரைச் சிறிய அளவிலேனும் மீட்பதாகும். அப்படிப்பட்ட கடையின் முகப்பில் அயலார் பையின் படத்தைப் போட்டால் மீட்டது என்ன?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். காணாத பொருளை விற்பது கூடுமா?

தோலும் மார்க்கமும் அந்நியமானவை அல்ல. இறந்த ஆட்டின் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தலாமே என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததை ஏழைகளுக்கு வழங்கியவர்கள். கைத்தொழில் செய்யும் நம் பெண்களுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

தன்னிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். அப்படியானால், சொல்லிச் செய்யும் பொருளின் நிலை என்ன? ஹனஃபீ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு 'இஸ்திஸ்னாஃ' என்று பெயரிட்டு, மக்களின் நெடுநாள் வழக்கத்தை ஏற்று அனுமதித்தன. அதற்கு அந்நூல்கள் தரும் வழக்கமான உதாரணம் எது தெரியுமா? 'குஃப்' எனும் தோல் காலுறை! இன்ன அளவு, இன்ன தோல், இன்ன வடிவம் என்று சொல்லித் தைக்கச் சொல்வது. பொருளைக் கண்டபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்றார்கள் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள். சொன்ன வர்ணனைக்கு ஏற்பப் பொருள் அமைந்துவிட்டால் மறுக்க இயலாது என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள். உழைத்துச் செய்தவர் நஷ்டமடையக் கூடாது என்பது இதன் நியாயம். 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு வெளியிட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பு, அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தையே ஏற்றது.

கடற்கரை ஊர்களில் மிகுதியாக வாழும் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இதற்குரிய வழி 'ஸலம்'. பொருளைத் தெளிவாக வர்ணித்து, விலை முழுவதையும் ஒப்பந்தத்தின்போதே பெற்றுக்கொண்டு, பின்னர் பொருளை ஒப்படைப்பது. இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: வர்ணனை தெளிவாக இருக்க வேண்டும். வாங்குபவரின் கண்ணும் விரலும் செய்ய வேண்டிய வேலையை விற்பவரின் சொல் செய்கிறது. அந்தச் சொல்லில் மறைவு இருந்தால் ஒப்பந்தத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். இணையக் கடையில் எவரும் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. அதனால் நனைந்ததை மேலே எடுத்து வைக்கும் கடமை இருமடங்காகிறது.

எனவே அவருக்கு நான் சொன்ன ஆலோசனைகள் இவை. தாம் தைத்த பொருளைத் தாமே பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட வேண்டும். முன்புறம், பின்புறம், உட்புறம், தையல் என நான்கு படங்களாவது இருக்கட்டும். தோலில் தழும்பு இருந்தால் அதற்கும் ஒரு படம். நீளம், அகலம், எடை ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். எந்த விலங்கின் தோல், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்டதா குரோமியத்தால் பதனிட்டதா என்பதைத் தோல் வாங்கிய இடத்தில் கேட்டறிந்து அப்படியே எழுத வேண்டும். குரோமியத் தோலை விற்பது குற்றமன்று. அதை மூலிகைத் தோல் என்பதே குற்றம். தைத்து முடித்ததற்கு மட்டும் 'கையிருப்பில் உள்ளது' என்றும், மற்றவற்றுக்கு 'சொன்னபின் தைத்துத் தரப்படும், இத்தனை நாள் ஆகும்' என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். பொருள் திரும்பினால் பணம் எப்போது, எப்படித் திருப்பித் தரப்படும் என்பதை வாங்குவதற்கு முன்பே படிக்கும்படி வைக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி, திருப்பிக் கொடுக்கும் முறை, குறைகேட்கும் அலுவலர் ஆகிய விவரங்களை வெளிப்படையாகத் தரச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். முகவரியை மறைக்காத வியாபாரி இவ்விதிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகப்பில் இப்போது அவர் தைத்த பழுப்பு நிறப் பர்ஸ் ஒன்று இருந்தது. முந்தைய படத்தின் பகட்டு அதில் இல்லை. கீழே, "இடது மூலையில் உண்ணி கடித்த சிறு தழும்பு உள்ளது, உறுதியைப் பாதிக்காது, விலையில் ஐம்பது ரூபாய் குறைத்துள்ளேன்" என்று எழுதியிருந்தார். "முதலில் விலைபோனது இதுதான், ஹஜ்ரத். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கினார்" என்றார்.

பெரியமேட்டு மண்டியில் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்தப் பழைய தரம் பிரிப்பவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் விரல் தொட்டுச் சொன்னதை இந்த இளைஞர் எழுத்தில் சொல்லியிருந்தார்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக! நம் வாக்கையும் வர்ணனையையும் உண்மையாக ஆக்குவானாக! பிறருடைய நீருக்கும் நிலத்துக்கும் தீங்கிழைக்காத ரிஸ்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.