கொடையும் உரிமையும்

தஞ்சைத் தரணியைக் கொடையின் நாடு என்பர். கோயிற் சுவர்களிலும் செப்பேடுகளிலும் சத்திரத்து வாயில்களிலும் எழுதி வைக்கப்பெற்றவை பெரும்பாலும் கொடைச் செய்திகளே. கொடுத்தவர் பெயர் விரிவாக வரும். நிலத்தின் எல்லையும் நெல்லின் அளவும் வழுவாமல் வரும். ஆனால் அக்கொடையால் வாழ்ந்த எளியோரின் பெயர் அரிதாகவே வரும். இவ்வழக்கிற்கு விலக்காக நிற்பது முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டு. சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் முன்பிருந்த ஊர், தஞ்சையில் குடியமர்ந்த தெரு, அத்தெருவில் எத்தனையாவது வீடு என்பன அதில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்றுப் பணி செய்யலாம் என்றும் கல்வெட்டு கூறுகின்றது. அப்பெண்டிர் விரும்பி ஏற்ற வாழ்வா அது என்பது வேறு கேள்வி. அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அரசன் அளித்தது கொடைதான். எனினும் பெயரும் அளவும் அடுத்த முறையும் கல்லில் ஏறியபின் அது கேட்டுப் பெறத்தக்க உரிமையாயிற்று.

இவ்வேறுபாட்டைக் கொண்டு நம் காலத்து வரலாறு ஒன்றை நோக்குவது இக்கட்டுரையின் கருத்து. திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்புடையோர் ஆகியோர்க்குச் சட்டத்தின்முன் சமநிலை வேண்டும் என்னும் முயற்சியில் தமிழகத்தில் யார் எதைக் கொடுத்தனர்? கொடுத்தவற்றுள் எது உரிமையாக நிலைத்தது? கவிஞர்கள் நிறைந்த நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றில் பணத்தைவிடச் சொல்லுக்கே பங்கு மிகுதி.

சொல் என்றதும் இலக்கணம் நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்குள் வைத்தார். அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றும் கூறினார். காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. அந்நகரின் வீதியில் பேடிக்கோலக் கூத்தினைச் சூழ்ந்துநின்று மக்கள் காணும் காட்சி மணிமேகலையில் வருகின்றது. இவற்றினும் கருதத்தக்கது நன்னூல். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் எனவும் பவணந்தியார் வகுத்தார். அந்நூற்பாவே அவர்களை அஃறிணை போலவும் கொள்ள இடமளிக்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒருவரது பாலை முடிவு செய்வது உடலன்று, அவாவுதல் என்னும் கருத்து பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கணம் ஒன்றில் இருக்கின்றது. வகுப்பறையில் இந்நூற்பாவை விரைந்து கடந்துவிடுவது தமிழாசிரியர்களிடையே உள்ள பழக்கம். மாணவர் நகைப்பர் என்னும் அச்சமே காரணம். 2014இல் உச்சநீதிமன்றம் உரைத்த தீர்ப்பின் மையக்கருத்து இதற்கு எத்துணை அருகில் நிற்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, கொடுத்த கைகளைப் பார்ப்போம். அமெரிக்காவில் இவ்வியக்கம் தேர்தல் நன்கொடையை வெளிப்படையான கருவியாகக் கொண்டது. சமஉரிமையை ஆதரிக்கும் வேட்பாளர்களுக்குப் பொருளுதவி செய்யும் நோக்குடன் 1980இல் அங்கு ஒரு நிதியம் தோன்றியது. இன்று ‘ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன்’ என்னும் பெயரில் விளங்கும் பேரமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. வாக்களிக்கும் உறுப்பினர்க்குப் பணம் கொடுத்து வாக்கை ஈட்டுதல் அந்நாட்டு முறை. இந்தியாவில் அவ்வழி திறக்கவில்லை. கட்சிகளும் வேட்பாளர்களும் அயல்நாட்டு நன்கொடை பெறுவதை 1976ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; உள்நாட்டிலோ இக்கோரிக்கைக்காகக் கட்சிகளுக்கு வாரி வழங்கும் செல்வர் எவரும் முன்வந்ததாக வரலாறு காட்டவில்லை. முதலில் வந்த பணம் உரிமைக்காக வந்ததன்று, நோய்த்தடுப்புக்காக வந்தது. எய்ட்ஸ் தடுப்புப் பணிக்கு ஒதுக்கப்பட்ட நிதியைக் கொண்டே இந்திய நகரங்களில் இம்மக்களின் அமைப்புகள் பல காலூன்றின. சென்னையில் 1998இல் தொடங்கிய சகோதரன் அமைப்பின் பணியும் அக்களத்தில் விளைந்ததே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எதிர்த்து 2001இல் தில்லி உயர்நீதிமன்றம் சென்ற நாஸ் அறக்கட்டளையும் எய்ட்ஸ் பணியில் ஈடுபட்ட நிறுவனமே. நோயாளர் என்று எண்ணப்பெற்றவர்க்குக் கிடைத்த நிதியிலிருந்து குடிமக்கள் என்னும் வழக்கு பிறந்தது விந்தையே.

தமிழகத்தில் பெருங்கொடை அரசிடமிருந்து வந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி 2006இல் ஐந்தாம் முறையாக முதலமைச்சரானார். அவ்வாண்டின் இறுதியிலேயே இம்மக்களின் கல்விச் சேர்க்கை, மறுவாழ்வு குறித்த அரசாணை வெளிவந்தது. 2008 ஏப்ரல் 15இல் அரவாணிகள் நல வாரியம் அமைந்தது. நாட்டில் இவ்வகை வாரியம் அதுவே முதலாவது. குடும்ப அட்டை, மனைப்பட்டா, தொழிற்கடன், அரசு மருத்துவமனையில் அறுவை மருத்துவம் எனப் பல உதவிகள் தொடர்ந்தன. ‘திருநங்கை’ என்னும் சொல் அரசு வழக்கிற்கு வந்ததும் இக்காலத்திலேயே. வசைச்சொற்களால் அழைக்கப்பெற்றோர்க்குத் ‘திரு’ என்னும் அடை சேர்ந்தமை சிறிய செய்தியன்று. எழுத்தாளர் ஒருவர் முதலமைச்சராக இருந்தமையால் வாய்த்த நன்மை இது என்று துணிந்து கூறலாம். 2011 முதல் ஏப்ரல் 15 திருநங்கையர் நாளாயிற்று.

ஆனால் இவையனைத்தும் அரசாணைகள். சட்டமன்றம் இயற்றிய சட்டங்கள் அல்ல. 2011இல் ஆட்சி மாறியபின் வாரியத்தின் இயக்கம் தளர்ந்தது. 2021இல் மீண்டும் ஆட்சி மாறிய பிறகே அது திருத்தி அமைக்கப்பெற்றது. கொடுப்பவர் மாறினால் கொடையும் மாறும் என்பதை அந்தப் பத்தாண்டு காட்டிவிட்டது.

அரசு கொடுப்பதற்கு முன்பே தஞ்சையில் ஒருவர் கொடுத்தார். தஞ்சை நால்வர் மரபில் வந்த நாட்டிய ஆசான் கே.பி. கிட்டப்பா பிள்ளை, மதுரையிலிருந்து தம்மிடம் வந்த திருநங்கை ஒருவரை மாணவராக ஏற்றார். குருகுல முறையில் பல்லாண்டு கற்பித்தார். ‘நர்த்தகி’ என்று பெயரும் இட்டார். திருநங்கை என்ற சொல்லே வழக்கில் இல்லாத 1980களில், தம் குலச்சொத்தாகிய நாட்டிய மரபை அவர் ஒப்படைத்தார். கிட்டப்பா பிள்ளை 1999இல் மறைந்தார். நர்த்தகி நடராஜ் 2007இல் கலைமாமணி விருதும், 2019இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வல்லத்துப் பெரியார் மணியம்மை பல்கலைக்கழகம் 2016இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானார். விருதுக் குழுக்கள் பின்னர்ச் செய்ததை ஆசான் முன்னரே செய்துவிட்டார் என்பது என் கருத்து.

கொடை உரிமையாகும் திருப்பம் 2014 ஏப்ரல் 15இல் நேர்ந்தது. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து கூறுவதே போதுமானது என்று நீதியரசர்கள் கே.எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் தீர்ப்பளித்தனர். பவணந்தியாரின் ‘அவாவுதல்’ நினைவுக்கு வரவில்லையா? இத்தீர்ப்பைச் சட்டமாக்க முனைந்தவர் காவிரிக்கரையினரான திருச்சி சிவா. மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24இல் ஒருமனதாக நிறைவேறியது. 45 ஆண்டுகளில் ஓர் அவையில் தனிநபர் மசோதா நிறைவேறியது அதுவே முதன்முறை. மக்களவையைக் கடக்கும் பேறு அதற்குக் கிட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், 377ஆம் பிரிவைத் திருத்தச் சசி தரூர் மக்களவையில் மசோதா அறிமுகம் செய்ய முயன்றபோது, அறிமுக நிலையிலேயே 71 பேர் எதிர்த்தனர். ஆதரித்தவர் 24 பேர். ஒரே நாடாளுமன்றம், எட்டே மாத இடைவெளி. திருநங்கையர்பால் இரங்க முடிந்தவர்களால், யாரை விரும்புவது என்பதில் பிறர் தலையிடலாகாது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரக்கம் கொடைக்குப் போதும், சமநிலைக்குப் போதாது. 2019இல் நடுவணரசு நிறைவேற்றிய சட்டத்தில் சிவாவின் மசோதா கூறிய இடஒதுக்கீடு இடம்பெறவில்லை.

இடஒதுக்கீடு பற்றி ஒரு சொல். 2015இல் தமிழக அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நன்மை கருதிய ஆணைதான். ஆனால் பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை ஒருவர் தம் பிறப்புவழிக் காப்பைப் பெறுவதா, இதனைப் பெறுவதா? பாலினத்தைச் சாதியாகக் கொள்வது பொருந்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 சூனில் கூறி, எல்லாப் பிரிவுகளின் ஊடாகவும் செல்லும் தனி ஒதுக்கீட்டை வலியுறுத்தியது. அளவு சரியாக எழுதப்படாத கொடை பெறுவோர்க்கே இடர் தரும் என்பதற்கு இது சான்று. தேர்தல் அரசியலில் கட்சிகள் கொடுத்த வாய்ப்பும் சொற்பமே. 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37ஆம் வட்டத்தில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்ற திருநங்கை கங்காவைப் போன்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

தன்பாலீர்ப்புடையோர்க்கு வாரியமும் இல்லை, பட்டாவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தவை நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றவையே. 377ஆம் பிரிவு 2009இல் தில்லியில் தளர்த்தப்பெற்று, 2013இல் மீண்டும் உயிர்பெற்று, 2018 செப்டம்பர் 6இல் இசைவுடைய வயதுவந்தோரைப் பொறுத்தவரை நீங்கியது. தமிழகத்தில் 2021இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கோரியபோது, நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்டபின் தீர்ப்பெழுதினார். இத்தகையோரைக் காவலர் துன்புறுத்தலாகாது என்னும் விதி 2022இல் காவல்துறை நடத்தை விதிகளில் சேர்ந்தது. நாளிதழ்களும் அலுவலகங்களும் இழிசொற்களை விடுத்து என்ன சொற்களை ஆளவேண்டும் என்ற கேள்வியையும் அந்நீதிமன்றம் எழுப்பியது. இம்மக்களும் அவர்தம் அமைப்புகளும் தாமே ஆக்கிப் பயன்படுத்திய சொற்கள் அரசின் பார்வைக்குச் சென்றன. 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழ் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் ஆகியவை அவ்வாறு அரசேற்பு பெற்ற சொற்கள். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பலவற்றின் வரலாற்றை நாம் அறிவோம். அறிஞர் ஆக்க, மக்கள் புறக்கணித்த சொற்கள் எத்தனையோ! இங்கு மக்கள் ஆக்கியதை அரசு ஏற்றது.

எஞ்சியது ‘அடுத்த முறை’. நெல்விளையும் நாட்டில் குடும்பம் என்பது நிலமும் பாகப்பிரிவினையும்தான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் திருத்தத்தை 1989இல் தமிழகம் செய்தது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. மகன், மகள் என்னும் இரு சொற்களுக்குள் அடங்காதவர் வீட்டைவிட்டு வெளியேறும்போது, பாகப்பத்திரத்தில் அவர் பெயர் விடுபடுவது எளிது. ஆற்றுப்பாசன ஊர்களில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2025 சூலை 31இல் தமிழக அரசு வெளியிட்ட திருநர் கொள்கை, வாரிசுரிமைச் சட்டங்களில் திருத்தம் வேண்டும் என்பதைச் சுட்டியது. திருமணத்தில் சிறிது முன்னேற்றம் உண்டு. தூத்துக்குடியில் நிகழ்ந்த ஒரு திருமணம் பற்றிய வழக்கில், ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஒருபாலினத்தார் திருமணத்தை அடிப்படை உரிமையாக ஏற்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17இல் மறுத்து, நாடாளுமன்றத்தை நோக்கிக் கைகாட்டியது.

அத்தீர்ப்பிற்குப் பின் வந்தது 2025 மே 22ஆம் நாள் வழக்கு. பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பெற்ற 25 அகவைப் பெண் ஒருவரை மீட்க அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு தொடுத்தார். நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அப்பெண் விரும்பியவரோடு செல்லலாம் என ஆணையிட்டனர். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று, தெரிந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று எழுதினர். அத்தீர்ப்பில் ஓரிடம் சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம்மனோர் கண்ணில் படத்தக்கது. ‘குயிர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி விநோதமானது என்றன்றோ பொருள் கூறுகின்றது, இவர்களை ஏன் அச்சொல்லால் அழைக்கவேண்டும் என்று நீதியரசர்கள் தயங்கினர். அவர்கள் தயங்கிய அச்சொல்லுக்கு நேராகத் தமிழக அரசிதழில் மூன்றாண்டுகளுக்கு முன்பே ஏறியிருந்த சொல் ‘பால்புதுமையர்’.